வண்டி கட்டி, பிள்ளைகளோடு நடந்து...
(9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நம்ம ஊர் மெயின் ரோட்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். காவி உடுத்திய ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடந்துகொண்டே இருப்பார்கள். சென்னை, புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள். ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றம், செப்டம்பர் 8-ல் மாதா பிறந்தநாள் திருவிழா. சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கூடவே ஒரு சின்ன வண்டியை இழுத்து வருவார்கள். மேலே மாதா சொரூபம், சுற்றி சீரியல் லைட்டு, அடியில் பாய், குண்டான், தண்ணீர் கேன். நடந்து போகிற வீடு என்றே சொல்லலாம்.

இந்த வழக்கம் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. சித்திரையில் செட்டிநாட்டு நகரத்தார் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடந்தே வருகிறார்கள். சாமான் ஏற்றின மாட்டு வண்டிகளும் கூட வரும்.

இந்த வருஷம் நம்ம ஊரிலிருந்தும் சில குடும்பம் முதல் தடவையாகக் குழந்தைகளோடு கிளம்பப் போகுதாம். எங்கள் பெரியம்மா வீடும் அதில் ஒன்று. மூணாம் வகுப்பு படிக்கிற தம்பியும் வர்றான். அதனால் போய் வந்தவர்களிடமும், தாத்தாவிடமும் கேட்டு எழுதுகிறேன்.

முதலில் வண்டி. ரெண்டு சக்கர வண்டி என்றால் எல்லாமே அச்சுதான். பாரத்தை முன்னால் ஏற்றினால் 'முன்பாரம்', பின்னால் ஏற்றினால் 'பின்பாரம்' என்று தாத்தா சொல்வார். முன்பாரம் ஆனால் மாட்டு வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். கைவண்டியில் இழுக்கிறவர் தோள் போய்விடும். பின்பாரம் ஆனால் முன்பக்கம் மேலே தூக்கும், மேட்டில் ஏறும்போது வண்டி மல்லாக்கச் சாயும். அதனால் அரிசி, தண்ணீர் கேன், அடுப்பு மாதிரி கனமானதை அச்சுக்கு நேர் மேலே, அடியில் வைக்கணும். பாய், துணி மூட்டை எல்லாம் மேலே. டிராக்டர் டிரெய்லருக்கும் இதே கணக்குதான். ஒரு கயிறு போதாது, குறுக்கே ரெண்டு கயிறு போட்டு இறுக்கணும். தார்ப்பாய் கட்டாயம் வேணும், ஆவணியில் சாயங்காலம் இடி மழை சொல்லாமல் வரும்.

டிராக்டர் டிரெய்லரிலோ சரக்கு வண்டியிலோ பிள்ளைகளை உட்கார வைத்துப் போகலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். பிரேக் பிடித்தால் பிடித்துக்கொள்ள அதில் ஒண்ணுமே கிடையாது. நடக்க முடியாத குழந்தையையும், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதையும் பாட்டியோடு பஸ்ஸில் அனுப்பி, ராத்திரி தங்குகிற இடத்தில் சேர்ந்துகொள்வதுதான் நல்லது. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க!

இருட்டுதான் பெரிய ஆபத்து. 2024 ஜூலையில் தஞ்சாவூர் மாவட்டம் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்து போனவர்கள் மேல் விடியற்காலையில் சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலுக்குப் பயந்து எல்லாரும் விடியற்காலையில்தான் நடக்கிறோம், டிரைவருக்குத் தூக்கம் வருவதும் அந்த நேரம்தான். ஆகவே வண்டியின் பின்பலகையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டணும். கடைசி ஆள் டார்ச் லைட்டைப் பின்பக்கம் காட்டிக்கொண்டே வரணும். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் நடக்கவே கூடாது, முன்னால்தான். அதுவும் தார் ரோட்டை விட்டு மண்ணில். நன்றாக விடிந்த பிறகு, ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்தினாலே போதும். மறுபடி நாலு மணிக்கு மேல் நடந்து, இருட்டுவதற்குள் தங்கிவிடணும்.

நம்ம ஊரிலிருந்து வேளாங்கண்ணி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரியவர்கள் ரெண்டே நாளில் போய்விடுவார்கள். பிள்ளைகள் இருந்தால் நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தரங்கம்பாடி, பொறையாறு வரை போதும். அடுத்து காரைக்கால், அப்புறம் நாகூர், நாகப்பட்டினம். ரோட்டோரம் படுக்க வேண்டாம். கோயில், சர்ச், தர்கா, கல்யாண மண்டபம் என்று கேட்டால் வழியில் இடம் கொடுப்பார்கள். நீர்மோரும் சோறும்கூடப் பல இடத்தில் எல்லா மதத்துக்காரர்களும் கொடுக்கிறார்கள்.

கையில் கொண்டு போவது புளிசாதம் என்றால் அடுத்த நாளும் தாங்கும். தேங்காய்ச் சட்னி மத்தியானமே ஊசிவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். உப்பு கூடிவிடக் கூடாது. பிள்ளை சோர்ந்து கிடந்தால் நடையை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். புதுச் செருப்பு வாங்கிப் போடாதீர்கள், முதல் நாளே கொப்புளம் வரும்.

வேளாங்கண்ணியில் கூட்டம் சொல்லி முடியாது. பிள்ளையின் மணிக்கட்டில் அப்பா போன் நம்பரை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். காணாமல் போன குழந்தைக்கு 1098-க்குப் போன் பண்ணலாம். கடலில் அலை பின்னுக்கு இழுக்கும். கையை விடாமல் ஓரத்திலேயே கால் நனைத்தால் போதும்.

திரும்பும்போது பஸ்ஸில் வண்டி ஏறாது. அதற்குக் குட்டி யானை வேணும். திருவிழா நேரத்தில் வாடகை ஏறிவிடும், கிளம்புவதற்கு முன்னாடியே பேசி வைத்துவிடணும். அதிலும் வண்டியும் சாமானும் மட்டும்தான், நாம் பஸ்ஸில்!