சுவடிகள் இங்கேயே இருக்கின்றன

ஒரு நிலப்பகுதியின் மொழி, சமயம், சமூகம், வரலாறு, இயற்கைச் சூழல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்காமல் ஒன்றோடொன்று இணைத்து ஆராய்வதை வட்டார ஆய்வு என்பர். அதற்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ ஆய்வு அமைப்போ அந்நிலப்பகுதியிலேயே நிலையாக நடத்தும் இடம் கள நிலையம் எனப்படும். சில வாரங்கள் தங்கி வினாப்பட்டியலை நிரப்பிக்கொண்டு திரும்பும் ஆய்வாளருக்கு இல்லாத ஒரு வலிமை இதற்கு உண்டு: ஆட்கள் மாறினாலும் வேலை அறுபடுவதில்லை.

தமிழர்க்கு மிக அண்மையிலுள்ள சான்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அது பல்கலைக்கழகத்தின் கிளையன்று. பிரான்சின் வெளியுறவு அமைச்சகமும் அந்நாட்டுத் தேசிய அறிவியல் ஆய்வு மையமும் பொறுப்பேற்று நடத்துவது. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பரில் இந்தியாவிடம் வந்தபின், 1955-இல் இந்தியவியல் அறிஞர் ழான் ஃபிலியோசாவின் தலைமையில் அது தொடங்கியது. ஆட்சி கைமாறிய சில மாதங்களில், ஆண்ட நாட்டின் நிறுவனம் ஆளப்பட்ட ஊரிலேயே ஆய்வுக்கென்று நிலைபெற்றதும், காரைக்கால் அம்மையாரின் பாடல்களுடைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பை 1956-இல் தன் முதல் வெளியீடாகக் கொண்டதும் கவனிக்கத்தக்கவை.

அதன் பெரும்பணி சைவ ஆகமங்களைத் தேடித் திரட்டியது. கோயில் கட்டும் முறையையும் வழிபாட்டு விதிகளையும் கூறும் இந்நூல்கள், பெரும்பாலும் கிரந்த எழுத்தில், குருக்கள் வீடுகளிலும் மடங்களிலும் ஓலைக்கட்டுகளாகச் சிதறிக் கிடந்தன. கிடைத்த ஓலைகளைச் சேர்த்தும், கொடுக்க இயலாதவற்றைத் தாளில் படியெடுத்தும், என். ஆர். பட் போன்ற நம் நாட்டு அறிஞர்கள் பல்லாண்டு உழைத்துப் பதிப்பித்தனர். பிரெஞ்சுத் தூரக்கிழக்குப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலுள்ளவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 11,000 சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றது. பணம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். ஓலையைப் படிக்கும் கண் இங்குள்ள பண்டிதருடையது, சுவடிகளும் புதுச்சேரியை விட்டுப் போகவில்லை. கூட்டாய்வு என்ற சொல்லுக்குத் தகுதி தருவன இவ்விரண்டுமே.

தொடர்ச்சியின் பயனைக் காட்டில் இன்னும் தெளிவாகக் காணலாம். குடகு மாவட்டத்தின் உப்பங்களாவில் 1990-இல் இந்நிறுவனம் எல்லை குறித்த மழைக்காட்டுப் பரப்பில் மரங்களுக்கு அடையாளமிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் மடிவையும் மீண்டும் மீண்டும் அளந்து வருகிறது. ஒரு மாணவரின் முனைவர் பட்டக் காலத்துக்குள் முடியக்கூடிய வேலையன்று இது.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டையடுத்த கரடியூர் போன்ற ஊரில் இத்தகைய நிலையம் அமைவதானால் ஆய்வுக்குரிய பொருள் நிறையவே உண்டு: கேரளத்தாரல்லாத, தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரின் வாழ்வு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டர் காக்பர்னால் வந்த காப்பிப் பயிர், பாக்சைட் சுரங்கங்கள் விட்டுச்சென்ற மாற்றங்கள் என விரியும். ஆனால் இடமும் பணமும் இருந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டு ஆய்வாளர் ஆய்வுக்குரிய விசா பெறவேண்டும். காப்புக்காட்டில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். செடியையோ விதையையோ அவற்றைப் பற்றிய மரபறிவையோ ஆய்வுக்குப் பெற, உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன்படி சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன்னொப்புதல் தேவை. அரசின் நெறிமுறைகளுக்கு உட்பட்ட நிறுவனக் கூட்டாய்வுகளுக்குச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு விலக்களிப்பதால், உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடக்கத்திலேயே பங்காளியாக்கிக்கொள்வது நன்னெறி மட்டுமன்று, நடைமுறை வசதியும்கூட.

மூலிகை அறிந்த மூத்தவரிடம் குறிப்பெடுத்துச் செல்வோர் ஊருக்கு அதன் தமிழ்ப்படியையாவது தருவது அரிதாகவே இருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமையவேண்டும் என்றும், அவ்வூரின் உயிர்வளத்தையும் அதுசார்ந்த அறிவையும் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது ஆணையம் அக்குழுவைக் கலந்தாலோசிக்கவேண்டும் என்றும் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு கூறுகிறது. மலையூர் மக்கள் தங்கள் ஊராட்சியில் அக்குழு இயங்குகிறதா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.