வெப்பத்தில் நேரம் பார்க்கும் உயிரணுக்கள்

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் நைட் ஷிப்ட் பார்ப்பவரின் மூளை ஒரு நேரத்தையும் கல்லீரல் வேறொரு நேரத்தையும் காட்டக்கூடும் என்பது மிகைக்கூற்று அன்று. உடலில் இருக்கும் கடிகாரம் ஒன்றல்ல. மூளையின் அடிப்புறத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் திரண்ட சிறு முடிச்சு கண்வழி வரும் ஒளியைக் கொண்டு நேரம் கணிக்க, ஏனைய உறுப்புகளின் உயிரணுக்களும் தத்தம் கடிகாரங்களை வைத்துள்ளன. ‘கிளாக்’, ‘பிமால்1’ என்னும் புரதங்கள் ‘பீரியட்’ மரபணுக்களை முடுக்க, அவற்றால் உண்டாகும் புரதம் மெல்லத் திரண்டு தன்னை உண்டாக்கியவற்றையே அடக்கி, பின் தானும் சிதைந்து மறைய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. இச்சுழற்சியே சர்க்கேடியன் தாளம்.

இத்துறை இப்பகுதிக்குப் புதிதன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும், இருண்ட குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால்கள், வெளியே பறந்து திரும்பும் தம் இனத்தின் நடமாட்டத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொள்வதை 1970களின் இறுதியில் காட்டினர். ஒளியல்லாத குறிப்புக்கும் கடிகாரம் செவிசாய்க்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

உயிரணுவுக்குள் அத்தகைய குறிப்பாக அமைவது நெருக்கடி. சூடு மிகும்போது புரதங்கள் மடிப்புக் குலைய, ‘எச்எஸ்எஃப்1’ என்னும் புரதம் உட்கருவில் செயற்பட்டு, குலைந்தவற்றைச் சீராக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்குவதோடு, பீரியட் மரபணு ஒன்றையும் தூண்டிக் கடிகார முள்ளை நகர்த்துகிறது. மரபிழை சேதமுற்றாலும் முள் நகர்வதுண்டு. ஆபத்துக்கென்று அமைந்த வெப்பப் பொறி, ஆபத்தில்லாத நாளிலும் உடற்சூடு ஓரிரு பாகை ஏறி இறங்குவதைக் கவனித்து உறுப்புகளின் நேரத்தைத் திருத்துவதுதான் இதில் மிக நுட்பமான செய்தி. 2010இல் வெளிவந்த சுண்டெலித் திசு ஆய்வில் உறுப்புக் கடிகாரங்கள் இச்சிறு மாற்றத்துக்கு இணங்கின. மூளைக் கடிகாரமோ அசையவில்லை, அதன் அணுக்களிடையே உள்ள பிணைப்பைத் துண்டித்தபோதுதான் அதுவும் அசைந்தது. உடற்சூட்டின் ஏற்ற இறக்கத்தை நடத்துவதே மூளைக் கடிகாரம் ஆதலால், தான் இடும் கட்டளைக்குத் தானே ஆட்படாதிருப்பது அதற்குப் பொருத்தமே.

நள்ளிரவில் உண்டு, பகலில் உறங்கும் தொழிலாளரிடம் இவ்விணக்கம் குலைகிறது: கல்லீரல் சோற்று நேரத்தைப் பின்பற்ற, மூளை ஒளியைப் பின்பற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல், இத்தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்தபோதும் இரவு வேலை அந்தப் பட்டியலிலேயே வைக்கப்பட்டது.