இரத்தோட்டை மிளகும் மண்வாழ் நுண்ணங்கிகளும்

மாத்தளையினின்றும் கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை இரத்தோட்டையைக் கடந்து ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரமாகிய இப்பகுதியில் மிளகும் கராம்பும் தேயிலையும் அடுத்தடுத்த சரிவுகளிற் செழித்து நிற்கக் காண்கின்றோம். மழையும் மூடுபனியும் இப்பயிர்களுக்கு உயிர். அவற்றைத் தாக்கும் நோய்களுக்கும் அவையே உயிர் என்பதுதான் இங்குள்ள இடர்ப்பாடு. மாரியிற் பசுமையாய் நின்ற மிளகுக்கொடி, சில நாட்களுள் இலை கறுத்து உதிர்ந்து, அடித்தண்டு அழுகி மடிவதை மிளகு பயிரிடுவோர் அறிவர். நட்ட கொடி நிறைந்த பயன் தருதற்குப் பல ஆண்டுகள் செல்லுமாதலின், இவ்விழப்பு ஒரு போகத்தோடு தீர்வதன்று.

இவ்விரைவு வாடலுக்குக் காரணமானது பைத்தோப்தோரா என்னும் நுண்ணங்கியாகும். முன்னாளில் இதனைப் பங்கசு இனத்துட் சேர்த்தெண்ணினர். இக்காலத்து அறிஞர் இதனைப் பிறிதோர் இனமாகக் கொள்கின்றனர். இதன் வித்திகள் சவுக்கு போன்ற இழைகளை உடையன. மண்ணிடை நிற்கும் நீரில் நீந்திச் சென்று வேரை அடைவன. எனவே, கொடியின் அடியில் நீர் தேங்கவிட்டுப் பின்னர் மருந்து தேடுதல் வாயிலைத் திறந்து வைத்துக் காவலாளியை அழைப்பதை ஒக்கும். வடிகால் வெட்டுதலே முதல் மருத்துவம் என்பதை இங்கே வற்புறுத்துதல் தகும்.

அதன் பின்னரே டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய் பங்கசின் பணி தொடங்குகின்றது. இது புதிதாகப் படைக்கப்பட்டதன்று. உக்கிய இலையும் மரமும் உள்ள மண்ணில் இயல்பாகவே வாழ்வது. 1932ஆம் ஆண்டில் வைண்ட்லிங் என்பார், இப்பங்கசின் இழைகள் நோய்ப்பங்கசொன்றின் இழைகளைச் சுற்றிப் பிணைந்து அழிக்கும் தன்மையை ஆராய்ந்து வெளியிட்டார். பகையின் கலச்சுவரைக் கரைக்கும் நொதியங்களை இது சுரக்கின்றது. வேரின் மேற்பரப்பிற் குடியேறி, அங்குள்ள உணவையும் இடத்தையும் தானே கைப்பற்றுகின்றது. பயிரின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றது. நோய் வருமுன் குடியேறினாலன்றி இவற்றாற் பயனில்லை. அழுகிய தண்டின் மேல் இதனைத் தூவுதல் வீண்செலவேயாம்.

கேரளத்து வேளாண்மை அறிஞர் இதனைப் பெருக்குதற்கு எளிய முறையொன்றைப் பரிந்துரைத்துள்ளனர். உலர்ந்த மாட்டெரு 90 கிலோகிராமுடன் வேப்பம் பிண்ணாக்கு 10 கிலோகிராம் சேர்த்து, அதில் 1 அல்லது 2 கிலோகிராம் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, ஈரம் படியுமாறு நீர் தெளித்து, நிழலிற் குவித்து மூடிவைத்தல் வேண்டும். ஐந்து நாட்களின் பின் கிளறி, மீண்டும் மூன்று நாட்கள் மூடிவைத்தால், குவியலிற் பசுமை நிறமான வளர்ச்சி படரக் காணலாம். எருவும் பிண்ணாக்கும் பங்கசுக்குக் கட்டுச்சோறு. அவையின்றி வெறும் பொடியை மண்ணில் இடின் அது விரைவில் மெலிந்துவிடும். செப்பு சேர்ந்த பங்கசுநாசினியை அதே வேளையில் அதே இடத்தில் ஊற்றுதலும் ஆகாது.

பூச்சிகளை வெல்லும் பங்கசுகள் வேறு இனத்தன. பட்டுப்புழுவைக் கொல்லும் வெண்ணோய் ஒரு பங்கசினால் வருவதென்பதை 1835இல் இத்தாலியரான பாஸ்ஸி காட்டினார். அப்பங்கசு இன்று பியூவேரியா பாஸ்ஸியானா என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1879இல் உருசிய அறிஞர் மெச்னிகோவ், கோதுமை வண்டுக்கு எதிராகப் பச்சைநிறப் பங்கசொன்றை ஏவலாம் என்று எடுத்துரைத்தார். பூச்சி இவற்றை உண்ண வேண்டுவதில்லை. வித்தி மேற்றோலில் ஒட்டி முளைத்து, அதனைத் துளைத்து உட்சென்று குருதியிற் பெருகும். பூச்சி மடிய நாட்கள் சில செல்லும். முளைத்தற்கு ஈரப்பதம் வேண்டும். கடும் வெயிலோ வித்தியைக் கொல்லும். ஆதலின் மாலை வேளையிலே தெளித்தல் நன்று.

இத்துறையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. 1905ஆம் ஆண்டிற் பேராதனைக்கு வந்து, பின்னர்த் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளராகிய தோமஸ் பெச், பூச்சிகளில் வாழும் பங்கசுகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஆயினும் அவற்றைப் பரப்பிப் பீடைகளை ஒழிக்கலாம் என்னும் நம்பிக்கையை அவர் எளிதில் ஏற்றாரல்லர். வித்தி ஏற்கெனவே எங்கும் உளது. கொள்ளைநோய் தோன்றுவது காலநிலை வாய்க்கும்போதே என்பது அவர் கருத்து. இன்று பேரளவில் வித்திகளை ஆக்கித் தெளிக்க முடிகின்றமையால் அவர் ஐயம் ஓரளவு தளர்ந்தது. காலநிலை பற்றிய அவர் எச்சரிக்கை தளரவில்லை.

இயற்கைப் பகையை அழித்தலால் வரும் கேட்டையும் நம் தேயிலைத் தோட்டங்கள் கண்டன. இலைசுருட்டிப் புழுவை அடக்குதற்கென 1935ஆம் ஆண்டளவிற் சாவகத்தினின்று சிறு குளவியொன்று கொணரப்பட்டது. அது பெருவெற்றி தந்தது. பின்னர்த் தண்டு துளைக்கும் வண்டுக்கென டீல்ட்ரின் தெளிக்கப்பட்டபோது குளவி மாண்டது. புழு மீண்டும் பெருகிற்று. மருந்தை மட்டும் நம்பியதன் பயன் இது. இதற்கு மறுதலையான பிழையை 2021இற் பார்த்தோம். அவ்வாண்டு மே மாதம் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, விளைச்சல் குன்றி உழவர் கொதித்தெழ, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. நுண்ணங்கிகளை ஆக்கவும் உழவரைப் பழக்கவும் காலம் தராது மாற்றுவழியைக் கட்டளையால் உண்டாக்க இயலாது. அத்தோல்விக்கு நுண்ணங்கிகளைப் பழித்தல் முறையன்று.

உயிரியற் பீடைநாசினி என்னும் பெயரே சிறிது மயக்கம் தருவது. புட்டியில் உள்ளது மருந்தன்று, உயிர். கடையின் தகரக் கூரையடியில் மாதக்கணக்காய் வெந்து கிடந்த பொதி, திகதி கடவாததாயினும், இறந்திருக்கக்கூடும். மேற்கூறிய எருக்குவியலே இதற்கு உரைகல்: எட்டாம் நாளிலும் பசுமை படரவில்லையெனில் அப்பொதியைத் தள்ளிவிட்டு வேறொன்றால் மீண்டும் தொடங்குதல் வேண்டும். ஐப்பசி மழை இரத்தோட்டையை எட்டுமுன் கலவை கொடியடியைச் சேரவேண்டுமாதலின், புரட்டாதி முற்பகுதியிலேயே குவியலிடுவது தக்கது.