முதல் வாடகை அறை: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படிக்க வேண்டிய காகிதம்

விருத்தாசலம்னா பலருக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும்தான் ஞாபகம் வரும். பீங்கான் வேலை செய்றவங்களுக்கு அது செராமிக் ஊர். அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இங்கேதான் இருக்கு. பத்தாவது முடிச்சதும் டிப்ளமோ சேரலாம். கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் இதே ஊர்தான். நெய்வேலி, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பசங்க பஸ்ஸில் வந்து போயிடுவாங்க. தூரத்து ஊர்ப் பசங்க ஹாஸ்டலில் சேரணும், இல்லேன்னா நாலு பேரா சேர்ந்து ஒரு மாடி அறை பிடிக்கணும்.

இந்த வருஷம் உறவுக்காரப் பையன் ஒருத்தனுக்கு அறை தேட வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் வாடகைச் சட்டத்தை உட்கார்ந்து படிச்சேன். அதில் புரிஞ்சதைத்தான் இங்கே எழுதுறேன். தண்ணி வருதா, ஃபேன் ஓடுதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. பணம் மாட்டுற இடம் காகிதத்தில் இருக்கு.

கையெழுத்து யாருடையது?

டிப்ளமோ முதல் வருஷப் பையனுக்கு 15, 16 வயசுதான் இருக்கும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயசு ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. கல்கத்தாவில் சொத்தை அடமானம் வெச்ச ஒரு மைனரின் வழக்கு அது. இன்னிக்கும் அதுதான் நிலைமை.

அதனால பையன் கையெழுத்து போட்ட காகிதத்தை நம்பி 40,000 ரூபாய் கொடுக்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ தங்கள் பெயரில் ஒப்பந்தம் போடணும். தங்கப் போறது இன்னார்னு அதிலேயே எழுதணும்.

அட்வான்ஸுக்கு வரம்பு உண்டா?

உண்டு, ஆனா ஒரு சூட்சுமத்தோட. 1960-ஆம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துட்டு, தமிழ்நாடு 2017-இல் புதுச் சட்டம் கொண்டு வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கு. அதன்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைக் காலி செஞ்ச ஒரு மாசத்துக்குள், பாக்கி இருந்தால் கழிச்சுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தரணும்.

அந்த மூணு மாச விதி எப்படித் தொடங்குது தெரியுமா? "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்" என்ற பொருளில். எங்க மொழியில் சொன்னா இது டீஃபால்ட் செட்டிங். நீங்க எதுவும் மாத்தலேன்னா மூணு மாசம். பத்து மாச அட்வான்ஸ்னு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து போட்டுட்டா, சட்டம் சொன்ன மூணு மாசத்தைக் காட்டி அப்புறம் வாதாடுறது கஷ்டம்.

வாடகை 4,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். டீஃபால்ட் 12,000. பத்து மாசம்னா 40,000. நடுவில் இருக்கிற 28,000 ரூபாய் ஒரு வரியில் போகுது. பேரம் பேசணும்னா கையெழுத்துக்கு முன்னாடி பேசணும்.

வெள்ளையடிக்கிற கதையும் இதேதான். காலி பண்ணும்போது பெயிண்ட் செலவுன்னு ஒரு மாச வாடகையைக் கழிக்கிறது நம்ம பக்கத்து வழக்கம். சட்டத்தின் அட்டவணை வெள்ளையடிப்பு, வயரிங், பைப் மாத்துறதை வீட்டுக்காரர் பக்கம் வெச்சிருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு மாதிரி சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதினா அதுவும் மாறிடும்.

எழுதியும் மாத்த முடியாத ஒண்ணு இருக்கு. வாடகைத் தகராறு வந்துச்சுன்னு தண்ணியையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியருக்குக் குறையாத பதவியில் இருப்பவர் அவர்.

ஏன் 11 மாசம்?

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியணும்னு 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதைத் தவிர்க்கத்தான் 11 மாசம். ஆனா 2017 சட்டம் எல்லா வாடகையும் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும்னு சொல்லுது. 11 மாசக் காகிதத்துக்கும் இது உண்டு. வீட்டுக்காரர் செய்யலேன்னா குடியிருப்பவரே விண்ணப்பிக்கலாம்.

எழுதிக் கொடுத்தாத்தான் வழக்குங்கிறது இந்த ஊருக்குப் புதுசு இல்ல. பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ஜனங்க தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதித்தான் பிராது கட்டுறாங்க.

நாலு பேர், ஒரு அறை

நாலு பேரும் சேர்ந்து பொறுப்பேத்துக் கையெழுத்து போட்டா, மொத்த வாடகையையும் ஒருத்தரிடமே வீட்டுக்காரர் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது. கொடுத்தவர் மத்த மூணு பேரிடம் பங்கு வாங்கிக்கணும். ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட்டா, அட்வான்ஸும் அவர் பெயரில்தான் திரும்பும்.

பாதியில் ஒரு பையன் விலகினா அவன் 10,000 என்ன ஆகும்? புதுசா வர்றவன் அதைப் பழையவனுக்குக் கொடுத்துட்டு உள்ளே வரணும்னு நாலு குடும்பமும் முதலிலேயே தனியா ஒரு தாளில் எழுதிக்கிறது நல்லது. சிநேகம் கெடாம இருக்கவும் அதுதான் வழி.

கரண்ட் பில்

வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அதுக்கு மேல் அடுக்கடுக்கா விலை ஏறும். மாடி அறைக்குத் தனி சர்வீஸ் இல்லாம சப்-மீட்டர் மட்டும் இருந்தா, கீழ் வீட்டு யூனிட்டும் மேல் அறை யூனிட்டும் ஒரே கணக்கில் சேர்ந்து மேல் அடுக்குக்குப் போயிடும். தனி சர்வீஸ் நம்பர் இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா யூனிட்டுக்கு எவ்வளவுன்னு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்க.

சாவி வாங்குற நாளில்

1. அட்வான்ஸை வங்கி வழியா அனுப்புங்க. ரொக்கம்னா ரசீது வாங்குங்க.
2. மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், ஓதம், உடைஞ்ச ஜன்னல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அன்னிக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க.
3. காலி பண்ண எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும், எதையெல்லாம் கழிக்கலாம்னு காகிதத்தில் இருக்கான்னு பாருங்க.
4. மேல்கூரை சிமெண்ட் ஷீட்டா, தளமான்னு பாருங்க. மே மாச வெயிலில் ஷீட்டுக்கு அடியில் படிக்க முடியாது.

இதையெல்லாம் கேட்டா "பசங்களுக்கு இவ்வளவு சட்டமா"ன்னு சில வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கலாம். பெத்தவங்க கூடப் போய் மரியாதையா கேட்டா பெரும்பாலும் எழுதிக் கொடுத்துடுவாங்க. எழுதவே மாட்டேன்னு சொன்னா, அடுத்த தெருவில் இன்னொரு டு-லெட் போர்டு இருக்கான்னு பார்க்கிறதுதான் நல்லது.