சாவோ தோமே: பயணியர் அறிய வேண்டுவன

சென்னையில் நாம் அறிந்த சாந்தோமும் ஆப்பிரிக்காவின் சாவோ தோமேயும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். இரண்டும் புனித தோமாவைக் குறித்துப் போர்த்துகீசியர் இட்டவை.

மத்திய ஆப்பிரிக்க நாடுகளுள் ஒன்றான சாவோ தோமே பிரின்சிப்பே, கினி வளைகுடாவில் இரு எரிமலைத் தீவுகளால் அமைந்தது. பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். விடுதலை பெற்ற நாள் 1975 சூலை 12. ஆட்சிமொழி போர்த்துகீசியம், நாணயம் டோப்ரா. நிலநடுக்கோடு இந்நாட்டின் ரோலாஸ் என்னும் சிறு தீவினூடே செல்கிறது. மழை குறைந்த சூன் முதல் செப்டம்பர் வரையிலான காலம் பயணத்திற்கு ஏற்றது. மலேரியா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பு முறைகளைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதிக்க, 1919 மே 29இல் எடிங்டன் சூரிய கிரகணத்தை நோக்கியது பிரின்சிப்பேயிலிருந்துதான்.

இங்குப் பயணியர் விரும்பிக் காண்பவை 'ரோசா' எனப்படும் பழைய கொக்கோத் தோட்டங்கள். அவற்றின் மாளிகைகளைக் காணும் நாம், அருகிலுள்ள தொழிலாளர் குடியிருப்புகளையும் காணல் வேண்டும். அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், அங்கோலாவிலிருந்து ஒப்பந்தத்தின் பெயரால் கொணரப்பட்டோருள் பலர் ஊர் திரும்பவேயில்லை. இதனால் 1909இல் கேட்பரி முதலிய ஆங்கில நிறுவனங்கள் இக்கொக்கோவை வாங்க மறுத்தன. கட்டாயத் தோட்டவேலைக்கு அஞ்சி எதிர்த்த தீவு மக்கள் பலர் 1953 பிப்ரவரியில் கொல்லப்பட்டனர். பிப்ரவரி 3 அவர்தம் நினைவு நாள்.

நாட்டின் எழிலோடு அம்மக்கள் பட்ட துயரையும் அறிந்து திரும்புவதே பயணத்தின் பயன் என்போம்.