யாரிடம் சொல்வது, மேடம்?

2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு வழக்கில் உத்தரவு எழுதும் முன் ஓர் உளவியலாளரிடம் போய்ப் பாடம் கேட்டார். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்திருந்தார்கள். மகளைக் காணவில்லை என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாக எழுதினார். இரு வீட்டுப் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அவர்கள் மனம் உடனே மாறிவிடவில்லை. மகள் காலம் முழுக்கத் துணையில்லாமல் இருந்தாலும் அதுவே மானம் என்று நினைத்தார்கள்.

திருச்சியில் குடும்ப ஆலோசகராக இருக்கும் நான், என்னிடம் இதே கவலையோடு வரும் பெற்றோருக்கு முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். சட்டம் கரைத்துக் குடித்த நீதிபதிக்கே கற்றுக்கொள்ள அவகாசம் தேவைப்பட்டது. உங்களுக்கும் தேவைப்படும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையை அழைத்து வருவதில்லை. அப்பா நாற்காலி நுனியில் உட்காருவார். அம்மாவின் மஞ்சப்பையில் ஜாதகம் இருக்கும். "எங்க வளர்ப்புல தப்பா மேடம்?" என்பார்கள். இல்லை என்று அடித்துச் சொல்வேன். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தன்னைத் திருநராக உணர்வதும் மனநோய் ஆகாது. இதை ஒப்புக்கொண்ட பிறகும் அம்மா எழுந்திருக்க மாட்டார். "என் கூடப்பிறந்த தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. யார்கிட்ட மேடம் சொல்றது?" என்பார். எனக்கு மனம் பதறுவது இந்த இடத்தில்தான். பிள்ளைக்காவது நாலு சிநேகிதர்கள் இருப்பார்கள். பெற்றவர்களுக்கு ஒருவரும் இல்லை.

அதனால், இதே பாதையில் முன்பே நடந்த ஓர் அம்மாவிடம் அனுமதி வாங்கி, புதிதாக வருகிறவர்களோடு பேச வைக்கிறேன். அவர் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. போனை எடுத்ததும், "புள்ள சாப்ட்டுச்சா? நீங்க சாப்ட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். என்னுடைய ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை அந்தக் கேள்வி செய்துவிடும்.

மும்பையில் 2017-இல் இப்படிப்பட்ட பெற்றோர் ஒன்றுகூடி 'ஸ்வீகார்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைகளின் திருமணத்துக்கும் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று 2023-இல் நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அத்தனை அப்பா அம்மாக்கள் வெளிப்படையாக முன்வந்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயம். சென்னையில் 'ஓரினம்' குழுவும் குடும்பங்களுக்கான தகவல்களைத் தமிழிலேயே தருகிறது.

"கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கால்கட்டில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். மந்திரிக்கவும் கூட்டிப் போகாதீர்கள். 'குணப்படுத்துகிறேன்' என்று ஒரு மருத்துவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மேலே சொன்ன வழக்கில் நீதிமன்றம் அப்படிக் குணப்படுத்த முயல்வதைத் தடை செய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

சில பிள்ளைகள் தாங்கள் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். இன்று சொன்னதை அடுத்த வருடம் வேறு மாதிரி சொல்லலாம். அதனால் இன்று சொன்னது பொய்யாகிவிடாது. "முடிவா சொல்லு, நீ யாரு?" என்று நெருக்காதீர்கள். பிள்ளை எந்தப் பெயரில் கூப்பிடச் சொல்கிறதோ, வீட்டுக்குள்ளாவது அப்படிக் கூப்பிடுங்கள். உறவினர்களிடம் எப்போது, யார் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சு அடைக்கிற ராத்திரியில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.