வாரக்கணக்கில் விடாத காய்ச்சல்... டாக்டரிடம் சொல்ல மறக்கும் 5 விஷயங்கள்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் கண்மாய்க்கரை, வரப்பு, முந்திரிக்காடு என எல்லா இடத்திலும் புல்லும் புதரும் மண்டிவிடும். ஆடு மேய்க்கப் போகிறவர்களும் சுள்ளி பொறுக்கப் போகிறவர்களும் அதற்குள்தான் நடந்தாக வேண்டும். 'காய்ச்சல் விட்டு விட்டு வருது, என்னன்னே தெரியலை' என்ற பேச்சு அதிகம் கேட்பதும் இந்தக் காலத்தில்தான்.

ஆலங்குடி பக்கத்துக் கிராமத்தில் ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. மூன்றாம் நாள் உள்ளூரில் ஓர் ஊசி. டெங்கு, மலேரியா பரிசோதனைகளில் எதுவும் இல்லை. 'வைடால்' பரிசோதனையில் டைஃபாய்டு போலத் தெரிகிறது என்று அதற்கு ஐந்து நாள் ஊசி. காய்ச்சல் இறங்கவில்லை. பத்தாம் நாள் மூச்சு வாங்குகிறது. பயந்துபோய் டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள்.

அங்கே உடல் முழுவதையும் பார்க்கும் டாக்டர், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு சிறு பொருக்கைக் கண்டுபிடிக்கிறார். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் அந்தப் பெண் அதைக் கவனிக்கவே இல்லை. பத்து நாள் புதிருக்கு விடை அதுதான்.

சிகரெட் சுட்டது போல ஒரு புண்

அந்த நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். செய்திகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்கிறார்கள். ஆனால், ஆடு மாடுகளின் மேல் நாம் பார்க்கும் உண்ணி அல்ல இது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியா உடலுக்குள் புகுகிறது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி எல்லாம் வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால் என மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் கடிக்கும். எல்லோருக்கும் புண் தெரியாது என்பதால், அது இல்லை என்றாலும் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டைஃபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சரியான நேரத்தில் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எனப் பல உறுப்புகளையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

முற்றிய நிலைக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்பதற்கு விடை தந்ததும் தமிழ்நாடுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தபோது, மரணம், தீராத காய்ச்சல், உறுப்புப் பாதிப்பு ஆகியவை 33 சதவீதம் பேரிடம் காணப்பட்டன. தனித்தனியாகக் கொடுத்தபோது அது 47, 48 சதவீதமாக இருந்தது.

எல்லாக் காய்ச்சலும் ஒன்றல்ல

101 டிகிரிக்கு மேல் அடிக்கடி ஏறும் காய்ச்சல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பரிசோதித்தும் காரணம் பிடிபடவில்லை என்றால் அதைத் தனி வகையாகப் பார்க்க வேண்டும் என்று 1961-லேயே அமெரிக்காவின் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு டாக்டர்கள் வரையறுத்தார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பின்னால் அதிகம் ஒளிந்திருப்பது காசநோய். இருமலே இல்லாமல் நிணநீர்க்கட்டி, வயிறு, முதுகெலும்பு என எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். கல்லீரலில் சீழ்க்கட்டி, இதய வால்வில் தொற்று, லூபஸ், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். சில நேரம் சாப்பிடும் மருந்தே காய்ச்சலைக் கொண்டுவரும். ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு 'கன்று வீச்சு நோய்' எனப்படும் புரூசெல்லோசிஸும் வரலாம். காய்ச்சாத பால், கருச்சிதைந்த கால்நடையின் நஞ்சுக்கொடி இவற்றின் வழியாக அது மனிதருக்குத் தொற்றுகிறது.

இவ்வளவு காரணங்களையும் ஒரே ரத்தப் பரிசோதனை காட்டிவிடாது. நோயாளி சொல்லும் கதைதான் டாக்டருக்கு முதல் துப்பு.

மறக்காமல் சொல்லுங்கள்

1. காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு? தெர்மாமீட்டரில் பார்த்து ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள்.

2. இதுவரை என்ன மாத்திரை, என்ன ஊசி? சீட்டு இல்லையென்றால் மாத்திரை அட்டையையாவது காட்டுங்கள். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். ஸ்டீராய்டு ஊசி காய்ச்சலை மட்டும் மறைத்துவிட்டு நோயை உள்ளே வளரவிடும்.

3. காடு, புதர், வயல் வேலைக்குப் போனீர்களா? வெறுந்தரையில் படுத்தீர்களா?

4. வீட்டில் ஆடு, மாடு உண்டா? பச்சைப் பால் குடிப்பீர்களா?

5. எடை குறைகிறதா, இரவில் வியர்க்கிறதா, உடம்பில் எங்காவது கட்டியோ கறுப்புப் பொருக்கோ இருக்கிறதா? கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். பெண்கள், பெண் டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, வலிப்பு, சிறுநீர் குறைவது, ரத்தக்கசிவு இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் 108-ஐ அழையுங்கள்.

காட்டு வேலைக்கு முழுக்கை சட்டை, திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், துணியைப் புதர் மேல் காயப்போடாமல் கொடியில் போடுவது, வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை சிற்றுண்ணியிடமிருந்து காக்கும்.

'ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று டாக்டரை அவசரப்படுத்துவதைவிட, 'எதனால் காய்ச்சல் வருது டாக்டர்?' என்று கேட்பதுதான் முக்கியம். ஆலங்குடிப் பெண்ணைப் போன்றவர்களுக்குப் பத்தாம் நாள் கிடைக்கும் விடை, நான்காம் நாளே கிடைக்க அந்தக் கேள்வி உதவும்.